மலை வீதிக்கு எந்த டயர்? எரிபொருள், இரைச்சல், ஈரப்பிடி பற்றிய நம் அனுபவங்கள்

கொட்டகலையிலிருந்து, உரையாடலைத் தொடங்கியவர்:

2022ஆம் ஆண்டு கியூஆர் அட்டையைக் காட்டி, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று பெற்றோல் வாங்கிய நாட்களில்தான் நான் முதன்முதலாகக் காருக்குள் ஒரு கணக்குக் கொப்பியை வைத்தேன். தாங்கியை நிரப்பும் ஒவ்வொரு தடவையும் ஓடிய தூரத்தையும் ஊற்றிய லீற்றரையும் குறித்து வைப்பேன். பங்கீடு போய்விட்டது, கொப்பி போகவில்லை. என்னுடையது சுசுகி வெகன் ஆர். டயர் அளவு 155/65 ஆர் 14. தலவாக்கலையிலுள்ள பாடசாலைக்குப் போய்வருவதும், மாதத்தில் இரண்டு தடவை கண்டிக்கு இறங்குவதுமே அதன் வேலை. டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும் தேய்வு அடையாளக் கட்டியை நான்கு டயர்களும் ஏறக்குறைய எட்டிவிட்ட நிலையில், சென்ற வருடம் புதியவை வாங்கப் புறப்பட்டேன்.

கடையிலிருந்த தம்பி, "சேர், இதைப் போட்டுப் பாருங்க, வண்டி பெற்றோலே குடிக்காது, சத்தமும் இருக்காது" என்று ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபல் அதில் ஒட்டியிருந்தது. அந்த லேபல் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, 2021 மே மாதத்திலிருந்து ஏ முதல் இ வரையான ஐந்து தரங்களாகத் திருத்தப்பட்டது. எரிபொருள் சிக்கனத்துக்கு ஓர் எழுத்து, ஈரத்தில் நிற்கும் திறனுக்கு ஓர் எழுத்து, இரைச்சலுக்கு டெசிபல் எண் என மூன்று விடயங்கள் அதில் இருக்கும். நான் வாங்கியதில் எரிபொருளுக்கு ஏ, ஈரப்பிடிக்கு டி. கொப்பிக்காரன் புத்தி முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. இரண்டாவது எழுத்தை நான் பார்த்தேன், ஆனால் வாசிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் ஏமாற்றம் கொப்பியிலேயே வந்தது. தேய்ந்த பழைய டயரில் லீற்றருக்கு 17.4 கிலோமீற்றர் ஓடிய கார், புத்தம் புதிய சிக்கன டயரில் 16.8 ஓடியது. காற்றைச் சரிபார்த்தேன், அலைன்மென்ட் செய்வித்தேன், எண் பெரிதாக அசையவில்லை. இரண்டாவது ஏமாற்றம் ஜூன் மாத மழையில், சென் கிளையர் நீர்வீழ்ச்சிப் பக்கமுள்ள ஒரு வளைவில் காத்திருந்தது. மணிக்கு முப்பதுக்கு மேல் நான் போகவில்லை. தோட்டப் பாதையிலிருந்து லொறிச் சில்லுகள் இழுத்து வந்த செம்மண் காபட் வீதியில் குழம்பாகக் கிடந்தது. பிரேக்கை மிதித்ததும், சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் காலடியில் தடதடவென்று உதைத்தது. கார் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகவே வழுக்கி, நடுக் கோட்டுக்கு அப்பால் ஒரு முழம் போய் நின்றது. எதிரே வந்த பேருந்துச் சாரதி எனக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார். செம்மண்ணில் எந்த டயரும் வழுக்கத்தான் செய்யும் என்று இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே வளைவில் அதே வேகத்தில் பழைய டயர்கள் புதிதாக இருந்தபோது இப்படிச் செய்ததில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். டயர் ஒவ்வொரு சுற்றிலும் நிலத்தில் படும் இடத்தில் நசுங்கி மீள்கிறது. நசுக்கச் செலவான சக்தியில் ஒரு பகுதி திரும்பி வராமல் சூடாகப் போய்விடுகிறது. உருளும்போது உண்டாகும் தடை பெரும்பாலும் அதுதான். லேபலில் ஏ தரம் என்றால் ஒரு தொன் பாரத்துக்கு இந்தத் தடை 6.5 கிலோகிராம் எடைக்கு மேல் போகாது; இ தரம் என்றால் 10.6 அல்லது அதற்கு மேல். ஆக, ஆட்களோடு ஒரு தொன் எடையுள்ள என் காரில் மிக நல்ல டயருக்கும் மிக மோசமான டயருக்கும் உள்ள வேறுபாடு நான்கைந்து கிலோ இழுவை. பதினைந்து அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் அதே காரைப் பூமி பின்னால் இழுப்பதோ ஏறத்தாழ 67 கிலோ. சம தரையில் நிதானமாக ஓடும் காருக்கு அந்த நான்கு கிலோ பெரிய விடயம். கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும் காருக்கு அது தேயிலைக் கூடையில் ஒரு கொழுந்து. இறக்கத்திலாவது இலாபம் வருமா என்றால், கியரில் விட்டு அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் இப்போதைய எஞ்சின்கள் பெற்றோலை நிறுத்திவிடுகின்றன. இலகுவாக உருளும் டயர் அங்கே மிச்சப்படுத்தித் தருவதை நாம் பிரேக்கில் தேய்த்துத்தான் தீர்க்கிறோம்.

லேபல் பொய் சொல்லவில்லை. நான்தான் என் வீதிக்குப் பொருந்தாத வரியை வாசித்திருக்கிறேன். நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஈரப்பிடி என்பது இப்போதைய என் எண்ணம். உங்கள் அனுபவங்களையும் அறிய விரும்புகிறேன், 16.8இன் மர்மத்தையும் யாராவது அவிழ்த்தால் நல்லது.

நுவரெலியாவிலிருந்து:

ஆசிரியரின் 16.8இல் ஒரு பகுதி டயரின் குற்றமல்ல, மீற்றரின் குற்றம். புதிய டயரில் சுமார் எட்டு மில்லிமீற்றர் ஆழம் இருக்கும், தேய்ந்ததில் இரண்டு. 155/65 ஆர் 14 டயரின் ஆரை ஏறக்குறைய 278 மில்லிமீற்றர். ஆறு மில்லிமீற்றர் கூடினால் சில்லு ஒரு சுற்றில் இரண்டு சதவீதம் அதிக தூரம் போகிறது, ஆனால் தூரங்காட்டி சுற்றுகளை மட்டுமே எண்ணுவதால் அந்தத் தூரம் கணக்கில் ஏறுவதில்லை. 16.8ஐ இரண்டு சதவீதம் கூட்டினால் 17.1 ஆகிவிடும். எஞ்சிய சிறு குறைவுக்குக் காரணம் இறப்பரின் தடிப்பு: தேய்ந்த டயரில் நசுங்குவதற்கு இறப்பர் குறைவு என்பதால், எந்த டயரும் தன் ஆயுளின் கடைசியில்தான் மிக இலகுவாக உருளும். தேய்ந்த டயரையும் புதிய டயரையும் கொப்பியில் ஒப்பிட்டால் கொப்பி எப்போதும் கிழட்டு டயரின் பக்கமே பேசும்.

காற்றழுத்தம் பற்றி நானும் ஒரு பரிசோதனை செய்தேன். எங்கள் ஊரில் அதிகாலையில் காற்றடித்து கொழும்புக்கு இறங்குபவர்கள், கீழே சூட்டில் அழுத்தம் ஏறிவிடும் என்று பயந்து இரண்டு மூன்று இறாத்தல் (பிஎஸ்ஐ) குறைத்தே அடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒரு ஜனவரி மாதக் காலையில், வெப்பநிலை 10 பாகை அளவில் இருந்தபோது, என் விட்ஸ் காரின் கதவுத் தூணில் எழுதியிருந்தபடியே நான்கு டயர்களுக்கும் 33 இறாத்தல் அடித்து, அதே அளவுகோலைக் கையோடு எடுத்துச் சென்றேன். மறுநாள் காலை கொழும்பில், இரவு முழுவதும் நிழலில் நின்ற காரை அளந்தபோதும் 33தான் காட்டியது. அளவுகோல் பழுதோ என்று மைத்துனருடையதை வாங்கியும் அளந்தேன். பிறகுதான் காரணம் பிடிபட்டது. 18 பாகை சூடு கூடியதால் உள்ளே அழுத்தம் மூன்று இறாத்தல் அளவுக்கு ஏறியது உண்மை. ஆனால் அளவுகோல் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்று கடல் மட்டத்திலுள்ளதை விட மூன்று இறாத்தல் குறைவாக அழுத்துகிறது. கீழே இறங்கியதும் அந்த மூன்றும் திரும்ப வந்து, சூட்டால் ஏறியதைச் சரிக்கட்டிவிட்டது.

குறைத்து அடித்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் வீணாக மெதுமையான டயரில் கொழும்புக்குப் போய்வந்திருக்கிறோம். காற்றுக் குறைந்த டயர் கூடுதலாக நசுங்கும், கூடுதலாகச் சூடாகும், ஓரங்களில் தேயும்; லேபலில் ஒரு தரம் உயர்த்தி வாங்கிய பணம் அங்கேயே கரைந்துவிடும். ஓடி வந்து சூடாக நிற்கும் டயரில் 36 காட்டுகிறதே என்று காற்றைத் திறந்து விடுவது இன்னும் மோசம்.

கம்பளையிலிருந்து:

நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். டயரின் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூட்டிய பின்னர் அந்தப் பக்கம் உள்ளே திரும்பிவிட்டால் கைத்தொலைபேசி விளக்கோடு காருக்கடியில் குனிய வேண்டும், ஆதலால் பூட்டும் முன்பே பாருங்கள். மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கிய டயர் கடை இறாக்கையிலேயே ஐந்து வருடம் இருந்திருக்கிறது. இறப்பர் இறுகி, முதல் நாளிலிருந்தே ஊளையிட்டது. ஏ, பி எழுத்துக்களெல்லாம் அது புதிதாக இருந்தபோது பெற்ற மதிப்பெண்கள்.

பண்டாரவளையிலிருந்து:

இரைச்சல் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதற்காக நான் செலவழித்த பணம் எல்லோருடையதையும் விட அதிகமாக இருக்கலாம். என்னுடையது டொயோட்டா அக்குவா. ஹைபிரிட் காரில் எஞ்சின் அணைந்து மின்னில் ஓடும்போது, மற்றக் கார்களில் எஞ்சின் மறைத்து வைத்திருக்கும் டயர்ச் சத்தமெல்லாம் வெளியே வந்துவிடும். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்போது காலுக்கடியில் 'ஊ' என்று ஒரு சத்தம் எழுந்து, வேகத்தோடு ஏறி வேகத்தோடு இறங்கியது. சில்லுப் பெயாரிங் போய்விட்டது என்று கராஜில் சொன்னார்கள். இடது முன்பக்கம் மாற்றினோம், பிறகு வலது முன்பக்கமும் மாற்றினோம். சத்தம் மாறவே இல்லை.

இறுதியில் வெலிமடையில் டயர்க்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் காரை உயர்த்தாமலேயே கண்டுபிடித்தார். "தம்பி, கையை இப்படி வைங்க" என்று என் உள்ளங்கையை டயரின் முகப்பில் வைத்து முன்னோக்கித் தடவச் சொன்னார், வழவழவென்று இருந்தது. பின்னோக்கித் தடவச் சொன்னார். முகப்பிலுள்ள ஒவ்வொரு இறப்பர்க் கட்டியின் விளிம்பும் அரம் போல விரலில் கீறியது. வளைவுகளும் இறக்கத்துப் பிரேக்கும் சேர்ந்து கட்டிகளை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்த்திருந்தன. அந்தப் பற்கள் ஒவ்வொன்றாக நிலத்தில் அறையும் ஓசைதான் எனக்குப் பெயாரிங் சத்தமாகக் கேட்டிருக்கிறது. 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். நான் 30,000 வரை ஒரு தடவையும் மாற்றவில்லை.

புதியவை வாங்கும்போது லேபலின் டெசிபல் எண்ணை நம்பலாமா என்று விசாரித்தேன். அந்த எண் காருக்குள் கேட்கும் சத்தமே அல்ல. எஞ்சினை அணைத்து மணிக்கு 80 கிலோமீற்றர் அளவில் உருண்டு போகும் காரை, அது செல்லும் கோட்டிலிருந்து 7.5 மீற்றர் தள்ளி நிற்கும் ஒலிவாங்கி கேட்டு எழுதுகிற எண் அது. 80இல் உருள எங்களுக்கு எந்த வீதி இருக்கிறது? ஆனாலும் எண்ணைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்று டெசிபல் என்பது ஒலிச் சக்தியில் இரண்டு மடங்கு, ஆகவே 68க்கும் 71க்கும் உள்ள வேறுபாடு காகிதத்தில் தெரிவதை விடப் பெரிது. அதோடு நான் கண்ணால் பார்த்தது கட்டிகளின் அளவை. ஒரே நீளக் கட்டிகள் வரிசையாக வந்தால் அவை ஒரே சுருதியில் பாடும். நீளத்தைக் கலந்து அடுக்கிய டயரில் சத்தம் பல சுருதிகளாகச் சிதறிக் காதை உறுத்தாது. அழகுக்காக அகலமான டயர் போட நினைத்ததையும் கைவிட்டேன், அகலம் கூடினால் இரைச்சலும் கூடும்.

ஜப்பானிலிருந்து வந்த கார்களில் ஐரோப்பிய லேபலைத் தேடாதீர்கள். அங்கே 2010 ஜனவரியிலிருந்து வேறொரு முறை இருக்கிறது: உருளும் தடைக்கு மூன்று ஏ முதல் சி வரை பெரிய எழுத்து, ஈரப்பிடிக்குச் சிறிய எழுத்து. என் காரோடு வந்த டயர் சிக்கனத்தில் இரண்டு ஏ, ஈரத்தில் கடைசித் தரமான சிறிய டி. ஆசிரியரின் கதைதான் எனக்கும் எழுதியிருந்தது போலும்.

கொட்டகலையிலிருந்து, மீண்டும்:

நுவரெலியாக்காரரின் இரண்டு சதவீதத்தை அன்றிரவே கொப்பியில் பழைய பக்கங்களுக்கும் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. கம்பளை உறுப்பினர் சொன்னபடி குனிந்தும் பார்த்தேன், என்னுடையவை புதியவைதான்.

அந்த நான்கு டயர்களையும் சமவெளியில் ஓடும் மச்சானுக்கு வாங்கிய விலையில் பாதிக்குக் கொடுத்துவிட்டேன். குருணாகலில் அவர் லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் கூடுதலாக ஓடுகிறதென்று மகிழ்ச்சியாக இருக்கிறார். இறப்பர் நசுங்கிச் சூடாவதைக் குறைத்தால் ஈரப்பிடியும் குறைவது பழைய சிக்கல்; 1992இல் மிஷெலின் நிறுவனம் சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்தபோது அந்த முடிச்சு ஓரளவு தளர்ந்தது என்றாலும், இரண்டு எழுத்தும் உயர்ந்த டயருக்கு விலை இன்னும் கூடுதல்தான். நான் அவ்வளவு கொடுக்கவில்லை. ஈரப்பிடி ஏ, எரிபொருள் சி, இரைச்சல் 69 என்று ஒன்றை எடுத்தேன். பார எண் 75ஐ மட்டும் குறைய விடவில்லை, அது ஒரு சில்லுக்கு 387 கிலோ. நேற்று மாலை அதே வளைவில், அதே செம்மண் குழம்பில், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தேன். ஏபிஎஸ் ஒரு தடவை உதைத்தது, கார் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. கொப்பி 16.9 என்கிறது.