பன்னாட்டு நிறுவன ஆய்வகப் பணி: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் தமிழ்ப் பேச்சறிதல் (பேச்சைக் கணினி எழுத்தாக மாற்றுவது) குறித்த முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் நிலையில் இருக்கும் எனக்கு, பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் பெங்களூரு ஆய்வகத்தில் ஆய்வாளர் பணி கிடைத்துள்ளது. ஐபிஎம் 1998இலும் மைக்ரோசாஃப்ட் 2005இலும் இந்தியாவில் ஆய்வகங்களைத் தொடங்கிவிட்டன என்பதால், இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர்கள் இக்குழுவில் இருப்பார்கள் என நம்பிக் கேட்கிறேன்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டுவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, இந்தியச் சட்டப்படி அது புதியதாகக் கருதப்படாது. ஆகவே கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பும் முன் நிறுவனம் அதைப் பரிசீலிப்பது நியாயமே. ஆனால், அந்த ஒப்புதலுக்கு நடைமுறையில் எவ்வளவு காலம் ஆகிறது, மாநாட்டின் கடைசி நாள் நெருங்கினால் என்ன செய்வீர்கள்?

இதைவிட என்னை அதிகம் வாட்டும் கேள்வி ஒன்று உண்டு. நெல்லை, கொங்கு வட்டார வழக்குகளில், பேசியவர்களின் ஒப்புதலோடு நான் திரட்டிவரும் குரல் பதிவுகளை எல்லா ஆய்வாளர்களுக்கும் திறந்து வைக்க வேண்டும் என்பது, சம்பளத்தைவிட எனக்கு முக்கியமானது. பணியில் சேர்ந்த பின்னரும் அந்த உரிமை என்னிடமே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க இயலுமா? அவ்வாறு வாங்கியவர்கள் எந்தச் சொற்களில் கேட்டீர்கள் என்பதையும் சொன்னால் பெரிதும் உதவும்.

வெளிநாட்டுக் குழுக்களுடனான இரவுக் கூட்டங்கள் பற்றியும் கூறுங்கள். கிண்டி, தரமணிப் பகுதிகளில் இருப்பவர்கள் நேரம் ஒதுக்கினால், நேரில் வந்து சந்திக்கிறேன்.