மகளின் கல்லூரிச் செலவு: எந்தப் பணத்தை முதலில் தொடுவது?

கேள்வி

எங்கள் மகள் இன்னும் நான்கு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போவாள். அவளுக்குப் பின் எட்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். நானும் கணவரும் மாதச் சம்பளக்காரர்கள். அவசரத்துக்கென வங்கியில் போட்டிருக்கும் சிறு வைப்புத்தொகை, ஓய்வுக்காலத்துக்காகச் சேர்ந்துவரும் நிதி, கடன் அடைந்துவிட்ட வீடு ஆகிய மூன்றும்தான் எங்கள் கையிருப்பு. பிள்ளையின் தலையில் கடனை ஏற்றாமல் ஓய்வுக்கால நிதியை எடுத்துக் கட்டிவிடச் சொல்கிறார் என் அண்ணன். வீட்டை அடமானம் வைத்தால் வட்டி குறையும் என்கிறார் கணவர். எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

சகோதரிக்கு வணக்கம். கணக்கு வழக்குகளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓய்வுக்கால நிதியில் கை வைக்காதீர்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் பணம் ஏறத்தாழ 9 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 18 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். ஆகவே இன்று எடுப்பது ஒரு பங்கு என்றால், முதுமையில் குறைவது நான்கு பங்கு. அந்தக் குறையை ஈடுகட்ட மாதந்தோறும் பணம் அனுப்பப்போவது பெரும்பாலும் அதே மகள்தான் என்பதை உங்கள் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள்.

வீட்டு அடமானத்தில் வட்டி குறைவுதான். தவணை தவறினால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பதால்தான் குறைவு. அத்துடன், கல்விக் கடனில் வழக்கமாகக் கிடைக்கும் படிப்புக்காலத் தவணை விலக்கு அடமானக் கடனில் பெரும்பாலும் இருக்காது.

இருவருக்குமான சேமிப்பையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். கட்டணம் ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், இன்றைய 100 நான்கு ஆண்டுகளில் 126 ஆகவும், பத்து ஆண்டுகளில் 179 ஆகவும் இருக்கும். மகளுக்கான பணம் வைப்புத்தொகையில் இருக்கட்டும். பங்குச் சந்தை விழுந்தால் மீண்டெழ நான்கு ஆண்டுகள் போதாமல் போகலாம். மகனுக்கான பணத்தில் ஒரு பகுதியைப் பங்கு சார்ந்த நிதிகளில் போட்டு, கடைசி மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பதில் 2

ஒரு கல்லூரியின் கட்டணப் பிரிவில் பணிபுரிகிறேன். பெற்றோர் பலர் கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், விடுதி முன்பணம், புத்தகம், கணினி, பயணம் எல்லாம் தனித்தனியே வரும். அவற்றில் பெரும்பகுதி முதல் செமஸ்டரிலேயே ஒன்றாக வந்து நிற்கும்.

உதவித்தொகைக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். திருப்பிச் செலுத்த வேண்டாத உதவியும் கடனும் ஒரே பட்டியலில், ஒரே கூட்டுத்தொகையாக இருப்பதுண்டு; கடனைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மையில் எவ்வளவு தள்ளுபடி என்பது தெரியும். அந்த உதவி முதல் ஆண்டுக்கு மட்டுமா, எல்லா ஆண்டுகளுக்குமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்பவற்றையும் கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் உதவி நின்ற பிறகு கடனுக்கு அலையும் குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

பதில் 3

முதல் பதிலோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் கடனுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தப் படிப்பை முடித்தவர்களின் முதல் ஆண்டுச் சம்பளத்தை விசாரித்து, மொத்தக் கடன் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தாண்டுமென்றால் கல்லூரியை மாற்றுவதுதான் வழி. மகளின் மனம் ஒரே கல்லூரியில் நிலைத்துவிடுவதற்கு முன்பே, எவ்வளவு முடியும் என்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கடனிலும் வகை உண்டு. 1989-இல் ஆஸ்திரேலியா கொண்டுவந்த முறையில், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே கட்டத் தொடங்க வேண்டும். சாதாரண வங்கிக் கடனில் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை வந்துவிடும். மகள் கட்டாவிட்டால், உடன் கையொப்பமிட்ட நீங்கள் கட்ட வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: படிக்கும் காலத்தில் கட்ட வேண்டியதில்லை என்றால், அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாதா?

பதில் 1

வட்டியை அரசு ஏற்றுக்கொள்ளும் சில திட்டங்களைத் தவிர, மற்றவற்றில் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் 25,000 வீதம் நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம், தனிவட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடியும்போது கடன் 1,25,000 ஆகியிருக்கும். பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 1,652. அந்த 25,000 வட்டியைப் படிக்கும்போதே கட்டிவந்தால் தவணை சுமார் 1,322-தான். பத்து ஆண்டுகளில் தவணையில் ஏறக்குறைய 39,600 குறையும்; முன்பே கட்டிய 25,000-ஐக் கழித்தால் மிச்சம் சுமார் 14,600. முதல் ஆண்டில் இதற்கு மாதம் 210 போலவும், நான்காம் ஆண்டில் 830 போலவும் ஒதுக்க வேண்டியிருக்கும். கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், முன்கூட்டியே கட்டும் தொகைக்கு அபராதம் உண்டா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.