நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளை வேளாண் பட்டம் படிக்கலாமா?

ராமமூர்த்திநகர் அம்மா:
பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு, கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வின் வழியாக பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் பி.எஸ்சி. வேளாண்மை கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியலும் கிடைக்கும். சொந்த ஊரான திருப்பத்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. உறவினர்கள் எல்லோரும் கணினியைச் சொல்கிறார்கள்; அவளோ வேளாண்மைதான் வேண்டும் என்கிறாள். துறையை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓசூர் சாலை:
அம்மா, பூச்சிமருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணினியையே தேர்ந்தெடுங்கள். நான்கு ஆண்டுகள் மண்ணியல், உழவியல், பூச்சியியல், பயிர் நோயியல் என்று படித்து வந்த பிள்ளைகளுக்கு எங்கள் நிறுவனம் கொடுத்தது ஒரு மாவட்டத்தையும் மாத இலக்கையும்தான். அவர்கள் கோலாரிலிருந்து சிந்தாமணி வரை இருசக்கர வண்டியில் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். அரசு வேளாண் அலுவலர் பணிக்கான அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகப் பெங்களூர் விஜயநகரில் அறை எடுத்துப் பயிற்சி மையங்களில் இளமையைக் கழிக்கும் பட்டதாரிகளை நான் அறிவேன். போதாக்குறைக்குத் தனியார் பல்கலைக்கழகங்களும் இப்படிப்பைத் தொடங்கிவிட்டதால், பட்டதாரிகள் பெருகுகிறார்கள். பணியிடங்கள் அதே வேகத்தில் பெருகவில்லை.

விதைப்பண்ணை:
அய்யா கூறும் விற்பனைப் பணி உண்மைதான். ஆனால் அதுவே இப்படிப்பின் எல்லை என்பதை நான் ஏற்கவில்லை. நான் காய்கறி விதை நிறுவனம் ஒன்றில் பயிர்ப் பெருக்கத் துறையில் இருக்கிறேன். எனக்கும் நிலம் கிடையாது. தந்தை ரயில்வே ஊழியர். பெங்களூர் இத்துறைக்கு எப்படிப்பட்ட ஊர் என்பதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் கவனிப்பதில்லை. ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தக்காளியின் இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் அர்கா ரக்ஷக் அங்கேதான் உருவானது. ஹெப்பாளில் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர்ப் பக்கம் விதை நிறுவனங்களின் ஆய்வுப் பண்ணைகள், ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பசுமைக்குடில்கள், நகருக்குள்ளேயே கிராப்இன், நிஞ்ஜாகார்ட் போன்ற வேளாண் தொழில்நுட்ப நிறுவனங்கள் என்று வேலையிடங்கள் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன.

மண்டியாவில் லட்சுமணய்யா என்ற அறிஞர் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து இன்டாஃப் ரகங்களை உருவாக்கினார். இம்மாநிலத்தின் மானாவாரி உழவர்களுக்கு அந்த ஒருவருடைய உழைப்பு செய்த நன்மையை நினைக்கும்போது, இப்படிப்பைச் சம்பளக் கணக்கால் மட்டும் அளப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஓசூர் சாலை:
அம்மையீர், நீங்கள் சொல்லும் ஆய்வுப் பணிகள் எதுவும் இளநிலைப் பட்டத்தோடு கிடைப்பவை அல்லவே. அரசு ஆராய்ச்சி நிறுவனங்களில் வேளாண் விஞ்ஞானியாக வேண்டுமானால், அதற்கான ஏ.ஆர்.எஸ். தேர்வை எழுதவே மேற்படிப்பு வேண்டும். முதுநிலை வரை நான்கும் இரண்டும் ஆறு. முனைவர் பட்டத்தையும் சேர்த்தால் ஒன்பது, பத்து ஆண்டுகள். நிலமும் சேமிப்பும் இல்லாத குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா என்பதே என் கேள்வி. லட்சுமணய்யாவின் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவரைக் காட்டி ஒரு மாணவியின் வருமானக் கணக்கை மூடிவிட முடியாது.

வங்கிக் கிளை:
இளநிலைப் பட்டத்தோடு எதுவுமே இல்லை என்பது சரியன்று. அரசுடைமை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வை வேளாண்மை மற்றும் அதைச் சார்ந்த நான்காண்டுப் பட்டங்களைப் பெற்றவர்கள் மட்டுமே எழுத முடியும். கணினிப் பட்டதாரி அதற்கு விண்ணப்பிக்கவே இயலாது. நான் அந்த வழியில் வந்தவன். நபார்டு வங்கியிலும் வேளாண்மைக்குத் தனி இடங்கள் உண்டு. இந்திய வனப்பணித் தேர்வுக்கும் இப்பட்டம் தகுதியானது. பட்டதாரிகள் உழவர்களுக்கான ஆலோசனை மையம் வைக்க உதவும், 2002-இல் தொடங்கிய வேளாண் மருத்துவ மையத் திட்டத்தில் 45 நாள் பயிற்சியும், தொழில் தொடங்கக் கடனும், பெண்களுக்கு 44 விழுக்காடு மானியமும் கிடைக்கின்றன. ஆனால் எங்கள் பணி பெரும்பாலும் கிராமக் கிளைகளில், அதுவும் எந்த மாநிலத்திலும் அமையலாம் என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்காம் ஆண்டு:
அம்மா, நான் இப்போது இதையே படிக்கிறேன். இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்கி உழவர் குடும்பங்களோடு பணியாற்ற வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் அங்கே கன்னடம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் தெருவில் கன்னடம் பேசிவிடுகிறோம். படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால்தான் மாநில அரசுப் பணியையும் நாட முடியும். நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள் முதல் ஆண்டில் வயல் வேலையில் நம்மை முந்துவார்கள் என்பது உண்மை. அந்த இடைவெளி உழைத்தால் குறையும். விதைப்பண்ணை அக்காவே அதற்குச் சான்று.

ராமமூர்த்திநகர் அம்மா:
மகள் கன்னடத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவள். ஜி.கே.வி.கே. கைநழுவினால், தனியார் பல்கலைக்கழகத்தில் இதே படிப்பில் சேர்க்கலாமா?

விதைப்பண்ணை:
அந்தக் கல்லூரிக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பின்னர் அரசு வேளாண் பல்கலைக்கழகங்களில் முதுநிலை சேரும்போது வழி அடைபடக்கூடும். சொந்தப் பண்ணை எத்தனை ஏக்கர், ஒவ்வொரு துறைக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா என்பவற்றை நேரில் சென்று கேளுங்கள். சியூஇடி என்னும் தேசியப் பொது நுழைவுத் தேர்வின் வழியாகப் பிற மாநில அரசு வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். அய்யா எழுப்பிய காலக் கணக்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: முதுநிலையிலும் முனைவர் படிப்பிலும் தேர்வின் வழியே உதவித்தொகை உண்டு, நான் வீட்டுப் பணத்தைத் தொடாமல் அவ்வழியில்தான் படித்தேன்.

ஓசூர் சாலை:
உதவித்தொகை தேர்வில் முன்னணியில் வருபவர்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே என் கருத்தை இப்படி வரையறுக்கிறேன், அம்மா: அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்து, மேற்படிப்புக்கோ கிராமக் கிளைக்கோ மகள் மனமாரத் தயாராக இருந்தால் சேருங்கள். அங்கீகாரமில்லாத தனியார் கல்லூரியில் கடன் வாங்கி இப்படிப்பில் சேர்ப்பதை மட்டும் நான் எந்நாளும் ஏற்க மாட்டேன்.

விதைப்பண்ணை:
கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம் என்பதில் நானும் உங்களோடு நிற்கிறேன், அய்யா.