ரீயூனியன் தீவு: கார்ல ஒரே நாள்ல சுத்தி வந்துடலாமா?

கடல்காத்து:
அடுத்த மாசம் ரீயூனியன் (இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சுத் தீவு) போறோம், நான், மனைவி, அம்மா. கையில நாலு நாள்தான் இருக்கு. மேப்ல பாத்தா தீவைச் சுத்துற ரோடு கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர்தான், காலைல செயின்ட் டெனிஸ்ல கிளம்பினா ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்னு தோணுது. எரிமலைக் குழம்பு, அதான் லாவா, ஓடின இடம் கட்டாயம் பாக்கணும். அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. எந்தப் பக்கமா சுத்தலாம்?

மலைப்பாதை:
முடியும், ஆனா செய்யாதீங்க. நாங்க அப்படிப் போய் மேற்குப் பக்கம் சாயங்கால டிராஃபிக்ல மாட்டி இருட்டினப்புறம்தான் ரூமுக்கு வந்தோம், கடல் எந்தப் பக்கம்னே தெரியல. ரெண்டு நாளாப் பிரிச்சு ராத்திரி தெற்குல இருக்கற செயின்ட் பியர்ல தங்குங்க. முதல்ல கிழக்கு. செயின்ட் ரோஸ் தாண்டினதும் ஒரு சர்ச் வரும், 1977ல லாவா வாசல் வரைக்கும் வந்து ரெண்டாப் பிரிஞ்சு சுவரை ஒட்டியே உறைஞ்சு நின்னுடுச்சு, அம்மா கார்ல இருந்து இறங்கின இடத்துல இருந்தே பாக்கலாம். அடுத்து கிராண்ட் ப்ரூலே. ரோடே லாவா மேலதான் போகும், ஒவ்வொரு ஓட்டமும் எந்த வருஷம்னு போர்டு வெச்சிருப்பாங்க. 2007 ஏப்ரல்ல வந்தது ரோட்டையே மூடிடுச்சு, அப்புறம் அது மேலயே புது ரோடு போட்டாங்க. அங்க நிறுத்திக் குனிஞ்சு பாருங்க, கயிறு முறுக்கின மாதிரி கருங்கல்லு, இடுக்குல விரல் நீளத்துக்கு ஒரு பெரணிச் செடி. நான் அதையே பத்து நிமிஷம் பாத்துட்டு நின்னேன்.

தீவுக்காரி:
எரிமலையை மேல இருந்து பாக்கணும்னா செயின்ட் பியர்ல இருந்து விடியக்காலைலயே கிளம்பிடுங்க, வெயில் ஏறினா மேகம் மூடிடும். பா த பெல்கோம்ப் வியூபாயிண்ட் கிட்ட வரைக்கும் காரே போகும், கடைசி கொஞ்ச தூரம் மட்டும் மண் ரோடு. வண்டி வலது பக்கம் ஓட்டணும். ஆட்டோமேட்டிக் வேணும்னா முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க, எங்களுக்குக் கியர் வண்டியைத் தலையில கட்டிட்டாங்க, அந்த வளைவுகள்ல கை வலிச்சுப் போச்சு. கடல்ல கண்ட இடத்துல இறங்காதீங்க, சுறா பயம் இருக்கு, பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கற லகூன்ல மட்டும் குளிங்க.

மலைப்பாதை:
ஒண்ணு விட்டுட்டேன், போற வழியில செயின்ட் ஆன்ட்ரேல கோபுரத்தோட நம்ம கோயில் இருக்கு. கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம்ம ஆளுங்க வழி வந்தவங்க கும்பிடுற இடம். பேச்சு கிரியோல்ங்கற உள்ளூர் மொழி, பிரெஞ்சுதான், ஆனா காவடி எடுக்கறாங்க, தீ மிதிக்கறாங்க. அம்மாவைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க.

கடல்காத்து:
அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், முதல்ல கோயில்னு சொல்லிட்டாங்க. செயின்ட் பியர்ல ரூம் போட்டாச்சு, ரொம்ப நன்றி.