டேப் லைப்ரரி ரோபோ கீழ் டிரைவிலிருந்து மட்டும் டேப்பை எடுக்க மாட்டேன் என்கிறது

கோயம்புத்தூரில் ஒரு சிறிய அலுவலகத்தின் சர்வர் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே பேக்கப் டேப்களை ஒரு ரோபோ எடுத்து டிரைவில் போட்டு எடுக்கும் டேப் லைப்ரரி இருக்கிறது: 2யூ (ரேக்கில் இரண்டு அடுக்கு) உயரம், டேப் வைக்க 24 ஸ்லாட், பாதி உயர எல்டிஓ-8 (ஒரு பேக்கப் டேப் வகை) டிரைவ் இரண்டு. வாரன்டி முடிந்து ஏழு மாதம் ஆகிறது.

போன செவ்வாய் இரவிலிருந்து சிக்கல். கீழ் டிரைவில் பேக்கப் ஒழுங்காக முடிகிறது, டிரைவும் டேப்பை வெளியே தள்ளிவிடுகிறது. ரோபோ வந்து பிடிக்கும்போதுதான் 'டக் டக்' என்று மூன்று முறை முட்டிவிட்டு, மூவ் எரர் (டேப்பை நகர்த்த முடியவில்லை என்ற பிழை) காட்டி நின்றுவிடுகிறது. டேப் இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் டிரைவில் இந்தத் தொல்லையே இல்லை.

பத்து நிமிடம் பவரை அணைத்து வைத்தேன். இன்வென்டரி (எந்த ஸ்லாட்டில் எந்த டேப் என்ற கணக்கு) திரும்ப எடுத்தேன், ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். பார்கோடு லேபிள் உரிந்து மாட்டுகிறதோ என்று புது டேப் போட்டும் அதே கதை. கிளீனிங் டேப்பும் ஓட்டினேன். அது ஹெட்டுக்குத்தான், ரோபோவுக்கு ஒன்றும் செய்யாது என்று தெரியும், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அப்புறம் இரண்டு டிரைவையும் இடம் மாற்றிப் போட்டேன். கோளாறு டிரைவோடு போகவில்லை, கீழ் இடத்திலேயே இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும்: சிக்கல் தொடங்கியதற்கு முந்தைய நாள் யூபிஎஸ் மாற்றுவதற்காக ரேக்கை அரை அடி நகர்த்தினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன், சாய்வு இல்லை.

இது ரோபோவை மறுபடி கேலிப்ரேட் செய்தால் (அது நிற்க வேண்டிய இடங்களைத் திரும்ப அளந்து அமைத்தால்) சரியாகிற விஷயமா, இல்லை ரோபோ பகுதியையே மாற்ற வேண்டுமா?