புதுப்பிப்பு: பீக்கோ டிரெயில் ஒருநாள் நடை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: இலங்கையின் தேயிலை மலைகள் வழியே போகும் நடைபாதையான பீக்கோ டிரெயிலில் நடக்க ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே நடக்கலாம் என்று. மொத்தம் 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். முழுக்க நடக்க லீவு யார் தருவார்கள்! ஹப்புத்தளை என்றீர்கள், போய் வந்துவிட்டேன்.

தேயிலை ஏற்றிச் செல்லப் போட்ட பழைய பாதைகள்தான், ஏற்றம் மூச்சு வாங்கவில்லை. விடியற்காலையில் கிளம்பியதால் லிப்டன் சீட் என்ற காட்சிமுனையில் மலையடுக்குகள் தெரிந்தன. ஒன்பதரைக்கெல்லாம் மூடுபனி வந்து பக்கத்தில் நின்றவரையே மறைத்துவிட்டது.

அட்டைப்பூச்சி? மழை பெய்திருந்தது, சாக்ஸுக்குள் மூன்று. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே, “சவர்க்காரம் பூசிட்டு வரலையா தம்பி?” என்றார். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சோப்பு பூசிக்கொள்ள வேண்டுமாம், அதை நீங்கள் யாருமே சொல்லவில்லையே!