அம்மாவுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து ஏற்றப் போகிறார்கள், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மா 30 வருடம் கொழுந்து பறித்தவர். முடக்குவாத மூட்டு நோயில் விரல்கள் மடங்கிவிட்டன. காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இதுவரை கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மருந்து போதவில்லையாம். கண்டியில் ஏற்றுவார்கள். அன்றே ஹட்டனுக்குத் திரும்பலாமா? பயமாக இருக்கிறது.

பதில்:
பயப்படாதீர்கள் தங்கச்சி. சேலைன் மாதிரிதான், எனக்கு 2 மணித்தியாலம் ஏறியது. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள், இரவுக்குள் வீடு. அடுத்தது 2ஆம், 6ஆம் கிழமை, அப்புறம் 8 கிழமைக்கு ஒரு தடவை. கம்பளி கொண்டு போங்கள். கை குளிர்ந்தால் நரம்பு கிடைக்காது. என்னை மூன்று தடவை குத்தினார்கள்.

பதில்:
காசநோய்ப் பரிசோதனை செய்தார்களா? மறைந்திருக்கும் காசநோய் இந்த மருந்தால் கிளம்பலாம். காய்ச்சல் இருந்தால் ஏற்றும் முன்பே சொல்லுங்கள்.

கேட்டவர்:
எக்ஸ்ரே மட்டும்தான் எடுத்தார்கள் அக்கா. திங்கட்கிழமை கட்டாயம் கேட்கிறேன்.